செர்காம் சாலையில் ஒரு பிரேக் பாடம்

மலாக்கா நகரிலிருந்து மூவார் போகும் 5ஆம் எண் கூட்டரசு சாலை, கடலோரத்தை ஒட்டியே தெற்கே இறங்குகிறது. தெலுக் மாஸ், பெர்ணு, உம்பாய் என்று ஊர்களைக் கடந்தால் செர்காம். அதற்கப்பால் மெர்லிமாவ், சுங்கை ரம்பை. வலப்பக்கம் கம்பங்கள் எனப்படும் கடற்கரைச் சிற்றூர்கள், ஓடு பதித்த படிக்கட்டுகளோடு நிற்கும் பழைய மலாய் மர வீடுகள். இடப்பக்கம் உள்ளே திரும்பினால் செம்பனைத் தோட்டங்கள். செர்காம் என்றதும் மலாக்காக்காரர்கள் கரிநெருப்பில் சுடும் மீனைத்தான் சொல்வார்கள். வார இறுதி மாலைகளில் அந்த ‘இக்கான் பாக்கார்’ சாப்பிட வெளியூர்க் கார்கள் வரிசையாக வந்து சேரும். அந்தக் கார்களுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கும் நடுவே, இந்தச் சாலையை அன்றாடம் உண்மையில் ஆள்பவை ‘கப்சாய்’ எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்கள்.

நான் செர்காம் போனது மீன் சாப்பிட அல்ல. உரிமம் எடுத்து ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டிய பிறகும் தனியாக மேல்நிலை ஓட்டப் பயிற்சிக்குப் போக வேண்டுமா, போட்ட பணத்துக்குப் பலன் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். பெரிய பைக் வைத்திருப்பவர்கள் கேட்கும்போது அது பொழுதுபோக்குக் கேள்வி. விடியற்காலை ஐந்தரை மணிக்கு இருட்டில் கிளம்பித் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அது உயிர்க் கேள்வி. கோவிட் முடக்க ஆண்டுகளை விட்டுவிட்டால், மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆகவே இந்தக் கேள்விக்குப் பந்தயத் தடத்தில் விடை தேடுவதைவிட இந்தச் சாலையில் தேடுவதே பொருத்தம் என்று பட்டது.

இந்தப் பக்கத்துத் தமிழர் வாழ்வில் மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதைத் தோட்ட வரலாறு சொல்லும். மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் இதே மாநிலத்தில்தான் உருவானது. 1896இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். அந்த மரங்களுக்குப் பின்னால் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகத் தொழிலாளர்கள் வந்தார்கள். லயம் என்னும் வரிசை வீட்டிலிருந்து பேர் பதியும் பெரட்டுக் களத்துக்கு நடை, அங்கிருந்து மரம் வெட்டுக்கு நடை, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கும் நடை. பிறகு சைக்கிள் வந்தது. பினாங்கின் லோ பூன் சியூ 1958இல் ஹோண்டா கப் வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்த பிறகு, மெல்ல மெல்லத் தோட்டத்து வாசலிலும் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கிளட்ச் பிடி கிடையாது, செலவு குறைவு, எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். ஒரு குடும்பமே அதில் ஏறியது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் தோட்டத்தில் ஆள் தேவை குறைந்தது. லயங்கள் காலியாயின. பிள்ளைகள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்து பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். பேருந்து அந்த நேரங்களுக்கு வராது. கார் வாங்கவும் பெட்ரோல் போடவும் சம்பளம் போதாது. ஆகவே வேலை, பள்ளி, மருத்துவமனை, கோயில் எல்லாவற்றுக்கும் கப்சாய்தான். மெர்லிமாவில் பாலிடெக்னிக் மாணவர்கள் அதில்தான் வருகிறார்கள். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகும் கூட்டத்திலும் அதுதான் நிறைய. வேறு வழி இருந்தும் விருப்பத்தால் ஓட்டுபவர்கள் இங்கே குறைவு. வேறு வழி இல்லாததால் ஓட்டுகிறார்கள். அதனால்தான் நன்றாக ஓட்டக் கற்றுக்கொடுப்பது இங்கே ஒரு சமூகக் கடமையாகிறது.

மலேசியாவில் 16 வயதில் பி2 உரிமம் எடுக்கலாம். 250 சிசி வரை ஓட்டலாம். தேர்வு என்றதும் எல்லார் நினைவிலும் நிற்பது ‘தித்தி’ என்னும் குறுகிய பாலமும் எட்டுப் போடுவதும்தான். காலை ஊன்றாமல், கவிழாமல், கோட்டைத் தாண்டாமல் மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும். வண்டியின் மேல் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல சோதனை. ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது எதிரே வரும் கார் திடீரென்று குறுக்கே திரும்பினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எட்டுப் போடுவதில் விடை இல்லை.

அந்த விடையைச் செர்காமுக்கு உள்ளே, ஒரு தோட்டத்துக் கோயிலை அடுத்த திடலில் பார்த்தேன். ஓட்டுநர் பள்ளியில் நெடுங்காலம் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். தார் போட்ட பகுதியில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தொடும்போது பிரேக் பிடிக்க வேண்டும். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கல்லை வைப்பார்கள்.

முதலில் ஓர் இளைஞன் வந்தான். கோட்டைத் தொட்டதும் வலது காலை அழுத்தினான். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ‘கீச்’ என்று கத்தியது. வால்பக்கம் ஆடியபடியே நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. தாரில் கறுப்புக் கோடு. கல்லை வைத்தார்கள்.

“முன் பிரேக்கை ஏன் தம்பி தொடவே இல்லை?” என்று கேட்டார் பயிற்றுநர்.

“கவிழ்ந்திடும் ஐயா. சின்ன வயசிலேயே அப்பா சொல்லியிருக்காரு, முன் பிரேக்கைத் தொடாதேன்னு.”

“அப்பா சொன்னது சரிதான். ஆனா எந்த ரோட்டுக்குச் சொன்னாரு?”

அந்தக் கேள்வியில்தான் அன்றைய பாடம் முழுவதும் இருந்தது. தோட்டத்துச் சாலை செம்மண்ணும் சரளையும் கலந்தது. மழை பெய்தால் வழுக்கும். அதில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் முன்சக்கரம் சறுக்கி ஆள் விழுவது உறுதி. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் விழுந்து எழுந்தவர்கள் சொன்ன எச்சரிக்கை அது. பிள்ளைகள் தார்ச் சாலைக்கு வந்துவிட்டார்கள், வேகமும் கூடிவிட்டது, எச்சரிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. காய்ந்த தாரில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது. முன்சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. அதைத் தொடவே மாட்டேன் என்பவன் தன் பிரேக்கில் பாதிக்கும் மேலானதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறான்.

கணக்குப் போட்டாலும் இது தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். அந்த 17 மீட்டர் யாருக்கும் மிச்சமாகாது. அதன் பிறகு இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் காய்ந்த சாலையில் சுமார் 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 40 மீட்டர் வேண்டும். இடையில் உள்ள 20 மீட்டர், நான்கு கார்களை வரிசையாக நிறுத்தும் இடம். நின்றுபோவதும் மோதிப்போவதும் அந்த இடத்துக்குள் முடிவாகிறது.

பயிற்றுநர் அந்த இளைஞனின் கையைப் பிடித்துக் காட்டினார். வெடுக்கென்று இழுக்கக்கூடாது. முதலில் பிரேக் பிடிப்பதை உணரும் அளவுக்கு இரண்டு விரல்களால் லேசாக அழுத்த வேண்டும். பாரம் முன்னால் சாய்ந்து முன் சஸ்பென்ஷன் அமுங்கியதும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கண் சக்கரத்தைப் பார்க்கக்கூடாது, தூரத்தைப் பார்க்க வேண்டும். முழங்கால்கள் வண்டியை இறுக்க வேண்டும். பின் பிரேக் கூடவே மெதுவாக. இளைஞன் மறுபடி மறுபடி வந்தான். ஒவ்வொரு முறையும் கல் கோட்டை நெருங்கியது. அவனுக்கு அடுத்து வந்த பெண் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவள். “பயமா இருக்கு ஐயா” என்றாள். “பயம் இருக்கட்டும்மா, விரல் மெதுவா போகட்டும்” என்றார். காலை வெயில் ஏறுவதற்குள் அவள் வைத்த கல்தான் எல்லார் கல்லையும்விடக் கோட்டுக்கு அருகே இருந்தது.

திடலை விட்டு அவரோடு சாலைக்கு வந்தேன். தோட்டத்துச் செம்மண் பாதை கூட்டரசு சாலையைத் தொடும் இடம். பாதையின் மண் தாரின் மேல் படர்ந்து கிடந்தது. செம்பனை லாரி ஒன்று மெதுவாக ஏறித் திரும்பியது. அதன் பின்னால் இரண்டு குலைக் காய்கள் உருண்டு விழுந்தன. “இந்த இடத்தைத் தூரத்திலேயே படிக்கணும்” என்றார். மண் கிடந்தால் பக்கத்தில் பாதை இருக்கிறது என்று பொருள். பாதை இருந்தால் வண்டி வெளியே வரும். எதிர்க் காரின் முன்சக்கரம் திரும்ப ஆரம்பித்தால், சிக்னல் போடாவிட்டாலும் அது குறுக்கே வரப்போகிறது. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியாவிட்டால் அவருக்கும் நம்மைத் தெரியாது.

பிரிட்டனின் போலீஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்குக் கற்றுத்தரும் ‘ரோட்கிராஃப்ட்’ முறையின் சாரமும் இதுதான். தகவல் சேர்ப்பது, சாலையில் எந்த இடத்தில் போவது என்று தீர்மானிப்பது, பிறகு வேகம், பிறகு கியர், கடைசியில்தான் ஆக்ஸிலரேட்டரை முறுக்குவது என்று ஐந்து படிகளை வரிசையாக வைக்கிறார்கள். தடையில்லை என்று கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம் என்பது அதன் அடிப்படை விதி. அதே விதியை இந்தப் பெரியவர் செம்பனை லாரியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்த அறிக்கை 1981இல் வந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ குடும்பத்தார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்து நேரத்தில் பலர் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. வேறு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், மற்ற வண்டிதான் வழிவிடத் தவறியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் எழுதியது செர்காமுக்கும் அப்படியே பொருந்துகிறது.

அப்படியானால் பயிற்சி எடுத்தால் விபத்து குறைந்துவிடுமா? இங்கே மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் பயிற்சி பற்றி உலகெங்கும் நடந்த 23 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2010இல் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதுதான் அவர்கள் முடிவு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிதாக உரிமம் பெற்ற 2,399 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சாலையிலேயே பயிற்சி தந்து கண்காணித்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு விபத்து குறையவில்லை. தன்னம்பிக்கை கூடியது, வேகமாக ஓட்டுவதும் கூடியது.

இதைப் படித்துவிட்டுப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்வது தவறு. எந்தப் பயிற்சி என்று கேட்பதே சரி. “எப்படி வந்தாலும் சமாளித்துவிடுவேன்” என்ற எண்ணத்தை வளர்க்கும் பயிற்சி ஆளைக் கொல்லும். “சமாளிக்க வேண்டிய நிலைக்கே போகமாட்டேன்” என்ற எண்ணத்தை வளர்ப்பது காக்கும். வளைவில் வண்டியைச் சாய்த்து முழங்கால் தரையில் உரசும் படம் போட்டு விற்கும் வகுப்பு செர்காம் பிள்ளைக்குத் தேவையில்லை.

பந்தயத் தடத்தில் நடக்கும் வகுப்புகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கீத் கோட் 1980இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளி, 2010 முதல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கும் வந்து வகுப்பு எடுத்திருக்கிறது. அங்கே முதல் நிலைப் பாடமே ஆக்ஸிலரேட்டரைச் சீராகத் திறப்பதும், வளைவில் எந்த இடத்தில் திருப்புவது என்று முன்கூட்டியே முடிவெடுப்பதும், ஹேண்டிலை இறுகப் பற்றாமல் இருப்பதும்தான். பயந்தவுடன் உடம்பு தானாகச் செய்யும் தவறுகளை அடக்கக் கற்பது எந்த வண்டிக்கும் உதவும். ஆனால் தடத்தில் எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, தாரில் மண் கிடக்காது. தடத்தில் கற்ற வேகத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தால் கற்றதே பகையாகும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மலேசியாவில் உயிர்களைப் பெருமளவில் காத்தவை சட்டமும் சாலை அமைப்பும். 1973இல் தலைக்கவசம் கட்டாயமானது. 1992இல் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி வந்தது. ரடின் உமார் என்ற மலேசிய ஆய்வாளர் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் ஆராய்ந்து, வண்டி கண்ணுக்குப் படாமல் நேரும் விபத்துகள் அதனால் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்தன என்று காட்டினார். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித் தடம் போட்டார்கள். 2025 ஜனவரி முதல் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மாடல் வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். ஆனால் செர்காமில் ஓடும் 110, 115 சிசி கப்சாய்களுக்கு அந்த விதி பொருந்தாது. அவற்றில் ஏபிஎஸ் செய்ய வேண்டிய வேலையை ஓட்டுபவரின் விரல்கள்தான் செய்ய வேண்டும். விரல்களுக்குச் சொல்லிக்கொடுக்க வகுப்பைத் தவிர வேறு வழி இல்லை.

மதியம் உம்பாய்க்குத் திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தபோது, பக்கத்து மேசையிலிருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பேச்சில் கலந்துகொண்டார். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் பேரனிடம் பயிற்சிக்குக் காசு கட்டு என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதல் காசு டயருக்கும் பிரேக் கட்டைக்கும் போகட்டும். அடுத்தது சிரிம் தர முத்திரையுள்ள தலைக்கவசத்துக்கு. அதன் வார் தாடைக்குக் கீழே இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் வகுப்புக்குப் போவதில் பொருளில்லை. இவை இருக்கும்போது ஒரு நாள் வகுப்பு நிச்சயம் செலவுக்குத் தகும். வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ உதவும், உண்மைதான். ஆனால் உடைந்த கால் பழைய காலாகத் திரும்ப எந்தப் பணமும் உதவாது.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் சேரும் முன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். என் சொந்த வண்டியிலேயே பயிற்சி தருவார்களா? திடீர் பிரேக்கை ஈரச் சாலையிலும் பழக்குவார்களா? பின்னால் ஆள் ஏற்றி ஓட்டுவதைச் சொல்லித்தருவார்களா? மைதானத்தோடு நிறுத்தாமல் சாலைக்கு அழைத்துப்போய்ச் சந்திகளையும் வளைவுகளையும் படிக்கக் கற்றுத்தருவார்களா? நான்குக்கும் ஆம் என்றால் சேரலாம். வேகத்தைப் பற்றியே பேசினால் எழுந்து வந்துவிடலாம். கற்ற பிறகும் மாதம் ஒருமுறை காலியான இடத்தில் பிரேக்கைப் பழக வேண்டும். பழகாத கை ஆபத்து நேரத்தில் பழைய வழக்கத்துக்கே போய்விடும்.

என் முடிவு இதுதான்: மேல்நிலை ஓட்டப் பயிற்சி தேவை, பயனுள்ளது. முதலில் தேவைப்படுவது பெரிய பைக்காரர்களுக்கு அல்ல, கப்சாயில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு. தோட்டத்துக் கோயில் நிர்வாகங்களையும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் ஊர் இளைஞர் மன்றங்களையும் கேட்டுக்கொள்கிறேன். திருவிழாவுக்குப் பந்தல் போடும் திடலை ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேக் பழகத் திறந்துவிடுங்கள். ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவரை அழையுங்கள். சுண்ணாம்புக் கோடு போட ஐந்து ரிங்கிட் கூட ஆகாது.